தொலைநோக்கி மவுண்ட்டின் சரிசெய்யும் போல்ட்களை மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈக்குவடோரியல் மவுண்ட் (தொலைநோக்கியைச் சுமந்து, பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் திருப்பி விண்மீன்களைப் பின்தொடரும் அமைப்பு) வைத்திருக்கும் நண்பர்கள் ஒரே சந்தேகங்களை மீண்டும் மீண்டும் கேட்பதால், அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். ஈக்யூ-5, எச்ஈக்யூ-5, ஈக்யூ-6 வகைகளையும் அவற்றைப் போன்ற அமைப்புள்ள மற்ற மவுண்ட்களையும் மனத்தில் கொண்டு எழுதியது இது. வடக்கு, தெற்கு என்று சொல்லுமிடங்களில், மவுண்ட்டின் துருவ அச்சு வட துருவத்தை நோக்கி நிறுத்தப்பட்டிருப்பதாகக் கொள்ள வேண்டும்.

சரிசெய்யும் போல்ட்னு எதைச் சொல்றீங்க? அது என்ன வேலை செய்யுது?

மவுண்ட்டின் துருவ அச்சு, பூமியின் சுழலச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். அதற்கு அச்சை மேலும் கீழும் சாய்க்கவும், இடமும் வலமும் நகர்த்தவும் வசதி தேவை. மேல் கீழ் அசைவுக்கு வடபுறம் ஒன்றும் தென்புறம் ஒன்றுமாக இரண்டு போல்ட்கள் உண்டு. இவற்றை உயரப் போல்ட்கள் என்று இங்கே குறிப்பிடுகிறேன். இட வல அசைவுக்கு அடித்தட்டில் எதிரெதிராக இருக்கும் இரண்டு சிறிய போல்ட்கள் திசைப் போல்ட்கள்.

மவுண்ட்டின் தலைப்பகுதி ஒரு கிடைமட்ட அச்சாணியில் கீல் போலத் தொங்குகிறது. பெரும்பாலான மவுண்ட்களில் அந்த அச்சாணிக்குக் கீழே, தலையின் வார்ப்போடு சேர்ந்தே ஓர் உலோக நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். உயரப் போல்ட்களின் முனைகள் அந்த நாக்கை இருபுறமும் தொட்டு நிற்கின்றன. தென்புறப் போல்ட்டை உள்ளே திருகினால் நாக்கு வடக்கே தள்ளப்பட்டுத் தலையின் வடமுனை உயரும். அந்தப் போல்ட்டைத் தளர்த்தினால் தலை தன் எடையாலேயே இறங்கும். தலை, தொலைநோக்கி, எதிர் எடை ஆகிய எல்லாவற்றின் பாரத்தையும் கடைசியில் அந்த ஒரு போல்ட்டின் முனைதான் தாங்குகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்வரும் பதில்களில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

என்கிட்ட டாப்சோனியன் தான் இருக்கு. எனக்கு இது வேணுமா?

வேண்டாம். டாப்சோனியன் என்பது மேலும் கீழும், இடமும் வலமும் மட்டுமே திரும்பும் எளிய அமைப்பு; அதற்குத் துருவ அச்சு கிடையாது. முட்கரண்டி வடிவ மவுண்ட்டைச் சாய்வு மேடையின் மேல் வைத்துப் பயன்படுத்துவோருக்கு மட்டும், அந்த மேடையின் போல்ட்கள் தொடர்பாக இங்குள்ள பல பதில்கள் பொருந்தும்.

புது மவுண்ட் தான், அதுக்குள்ள போல்ட் எப்படி வளைஞ்சுது?

மரை போட்ட ஒரு தண்டு, தன் நீளவாக்கில் வரும் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் வரும் விசையை அந்த அளவுக்குத் தாங்காது. நாக்கு நேர்கோட்டில் நகர்வதில்லை, அச்சாணியைச் சுற்றி வில்லாக நகர்கிறது. ஆகவே போல்ட்டின் முனை ஒரே ஒரு கோணத்தில்தான் நாக்கைச் செங்குத்தாகத் தொடும். மற்றக் கோணங்களில் சரிவாகத் தொட்டு, நாக்கின் மேல் வழுக்க முயலும். அந்த வழுக்கல்தான் பக்கவாட்டு விசை. போல்ட் வார்ப்புக்கு உள்ளே எவ்வளவு நீளம் பிடிமானமின்றி நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அந்த அளவுக்கு வளைக்கும் விசையும் கூடுகிறது. நீட்சி இரண்டு மடங்கானால் வளைக்கும் திறனும் இரண்டு மடங்காகும்.

இதோடு இரண்டு காரணங்கள் சேர்கின்றன. மவுண்ட்டோடு வரும் போல்ட்கள் பல நேரங்களில் மென்மையான உலோகத்தில் செய்யப்பட்டவை. பயன்படுத்துவோரும், ஒரு போல்ட்டைத் தளர்த்தாமலேயே எதிர்ப் போல்ட்டை இறுக்குகிறார்கள். கைப்பிடி நீளமாக இருப்பதால், கையில் பெரிய எதிர்ப்பை உணராமலே முனையில் மிகப்பெரிய விசையைக் கொடுத்துவிட முடிகிறது. வளைந்த போல்ட்களில் பாதிக்கு மேல் இந்தக் கடைசிப் பழக்கத்தால் வளைந்தவை என்பதே என் கணிப்பு.

ஐரோப்பாவுல இருக்கிறவங்களை விட நமக்கு இந்தப் பிரச்சினை அதிகமா?

பாரம் நமக்கு அதிகம் என்பது உண்மை. துருவ அச்சு, நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை அளவுக்கே தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். லண்டனில் அது 51.5 பாகை, சென்னையில் 13, கோவையில் 11, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஏறத்தாழ 10, கன்னியாகுமரியில் 8 பாகை. அச்சு படுக்க ஆரம்பித்தால் தலையும் தொலைநோக்கியும் அச்சாணியிலிருந்து வடக்கே தள்ளி நீள்கின்றன. கீழே இழுக்கும் திறன் அட்சரேகையின் கொசைனைப் பொறுத்தது. லண்டனுக்கு அது 0.62, சென்னைக்கு 0.97. அதே மவுண்ட், அதே தொலைநோக்கி, ஆனால் தென்புறப் போல்ட்டின் மேல் ஒன்றரை மடங்குக்கும் சற்றுக் கூடுதலான பாரம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தலை தாழ்ந்து நிற்கும்போது நாக்கு தெற்கே ஒதுங்கிவிடுவதால், பாரம் தாங்கும் தென்புறப் போல்ட் உள்ளே குறைவாகவே நீட்டிக்கொண்டிருக்கும். பாரமே இல்லாத வடபுறப் போல்ட்தான் நாக்கைத் தொட வெகுதூரம் உள்ளே போக வேண்டியிருக்கும். ஆகவே நம் ஊரில் தென்புறப் போல்ட்டின் முனை நசுங்குவதும், வடபுறப் போல்ட்டை "நன்றாக இருக்கட்டும்" என்று இறுக்குவதால் அது வளைவதும் எதிர்பார்க்க வேண்டியவை. எந்தப் போல்ட் எப்படிக் கெட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே மாற்றுப் போல்ட்டை முடிவு செய்யுங்கள்.

லேசா தான் வளைஞ்சிருக்கு. சுத்தியலால தட்டி நிமிர்த்திப் போட்டா போதாதா?

போதாது. ஒருமுறை நிரந்தரமாக வளைந்த உலோகம், நிமிர்த்தும்போது அதே இடத்தில் மறுபடியும் இழுபடுகிறது. மரையின் பள்ளங்களில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழக்கூடும். அதைவிடப் பெரிய தொந்தரவு, தட்டும்போது மரையின் முகடுகள் நசுங்குவதுதான். அந்த நசுங்கிய முகடு அலுமினிய வார்ப்பிலுள்ள மரையை ஒவ்வொரு சுற்றிலும் சுரண்டும். போல்ட்டின் விலை சொற்பம், வார்ப்பு அப்படியல்ல.

கடையில போய் என்னன்னு கேட்கிறது? அளவு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நான்கு விஷயங்கள் தேவை: தண்டின் விட்டம், மரையின் பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடையிலான தூரம்), நீளம், முனையின் வடிவம். மாடலின் பெயரைச் சொல்லி யாரோ தந்த அளவை நம்பி வாங்காதீர்கள். ஒரே பெயரில் வரும் மவுண்ட்களிலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு அளவு மாறியிருக்கலாம்.

பழைய போல்ட்டின் வளையாத பகுதியை, கைப்பிடிக்கு அருகில், வெர்னியரால் அளந்து பாருங்கள். எம்10 போல்ட் சரியாக 10 மி.மீ. காட்டாது, 9.8 மி.மீ. அளவில்தான் காட்டும், அதே போல எம்8 எட்டுக்குச் சற்றுக் குறைவாகவும், எம்12 பன்னிரண்டுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். பிட்ச் கேஜ் இல்லையென்றால், ஒரு முகட்டில் தொடங்கிப் பத்து இடைவெளிகளை எண்ணி மொத்த நீளத்தை அளந்து பத்தால் வகுக்க வேண்டும். வழக்கமான மரையில் எம்8-க்கு 1.25, எம்10-க்கு 1.5, எம்12-க்கு 1.75 மி.மீ. வரும். எம்10-ல் 1.25 மி.மீ. நுண்மரையும் கடைகளில் உண்டு என்பதால் கண்ணளவில் முடிவு செய்யக் கூடாது.

அமெரிக்கத் தயாரிப்பு மவுண்ட்களில் அங்குல மரை இருக்கக்கூடும். எட்டில் மூன்று அங்குலப் போல்ட்டின் விட்டம் 9.5 மி.மீ., அதன் வழக்கமான மரையின் பிட்ச் 1.59 மி.மீ. பத்து இடைவெளி 15 மி.மீ. என்றால் எம்10, 15.9 என்றால் அங்குல மரை. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலவே இருக்கும், ஆனால் ஒன்றின் துளையில் மற்றொன்றைத் திணித்தால் நான்கைந்து சுற்றுகளுக்குள் மரையைக் கெடுத்துவிடும்.

நீளம் எவ்வளவு இருக்கணும்? நீளமா இருந்தா நல்லது தானே?

தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் கெடுதல்தான். மவுண்ட்டை உங்கள் ஊர் அட்சரேகையில் நிறுத்தி, ஒவ்வொரு போல்ட்டும் வார்ப்புக்குள் நுழையும் இடத்தில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு, பிறகு வெளியே எடுத்து, கோட்டிலிருந்து முனை வரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவோடு பத்து மி.மீ. சேர்த்து, கைப்பிடிக்கும் வார்ப்புக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி விட்டால் உள்ளூர்ப் பயன்பாட்டுக்குப் போதும்.

வெளியூர்ப் பயணம் உண்டென்றால் கணக்கு மாறும். லடாக்கிலுள்ள ஹான்லேவுக்கு மவுண்ட்டை எடுத்துச் செல்லும் ஆர்வலர்கள் இப்போது அதிகம். அதன் அட்சரேகை 32.8 பாகை, சென்னையைவிட ஏறத்தாழ 20 பாகை கூடுதல். அச்சாணியிலிருந்து போல்ட் தொடும் இடம் 60 மி.மீ. தூரத்தில் இருந்தால், 20 பாகை உயர்த்த நாக்கு 21 மி.மீ. நகர வேண்டும். தென்புறப் போல்ட்டில் அந்த 21 மி.மீ. மிச்சம் இல்லையென்றால், நான்காயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் குளிரில் நின்றுகொண்டு போல்ட் எட்டவில்லை என்று கண்டுபிடிப்பீர்கள். அங்கே போல்ட் கடை கிடையாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடலாமா, ஹைடென்சில் போடலாமா? எது பலம்?

துருப்பிடிக்காததெல்லாம் பலமானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. தலையில் ஏ2-70 என்று பொறித்த ஸ்டெயின்லெஸ் போல்ட், சதுர மி.மீ.க்கு 450 நியூட்டன் வரை நிரந்தரமாக வளையாமல் தாங்கும். 8.8 என்று பொறித்த சாதாரண ஹைடென்சில் போல்ட் 640 வரை தாங்கும், 12.9 தரம் 1080 வரை தாங்கும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் கறுப்பு ஆலன் போல்ட்கள் பெரும்பாலும் இந்த 12.9 தரத்தவை. தரக்குறி எதுவும் பொறிக்காத பளபளப்பான போல்ட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.

வீட்டு மாடியிலேயே இருக்கும், மாதக்கணக்கில் பனியும் ஈரக்காற்றும் படும் மவுண்ட்டுக்கு ஏ2-70 போதுமானது. கடற்கரை ஊர்களில் இருப்போர் எஸ்.எஸ். 316 கேட்டு வாங்குவது நல்லது. ஏ2 வகையைச் சேர்ந்த 304 உப்புக் காற்றில் நாளடைவில் புள்ளி புள்ளியாகக் கறை பிடிக்கும். எடை மிகுந்த தொலைநோக்கி வைத்திருப்போர் 8.8 அல்லது 10.9 தரத்தை வாங்கி, எண்ணெய் தடவிப் பராமரிக்கலாம். 12.9 இந்த வேலைக்குத் தேவைக்கு மீறிய கடினம். அதன் முனை, மென்மையான அலுமினிய நாக்கைக் குடைந்துவிடும்.

கடையில கிடைக்கிற ஹெக்ஸ் போல்ட்டை அப்படியே மாட்டிடலாமா?

மரை முழு நீளத்துக்கும் இருக்க வேண்டும். பாதி மட்டும் மரை போட்ட போல்ட், மரையில்லாத இடம் வந்ததும் நின்றுவிடும். "ஃபுல் திரெட்" என்று கேட்டு வாங்குங்கள். அடுத்தது முனை. கடைப் போல்ட்டின் முனை தட்டையாக, ஓரம் கூராக இருக்கும். மேலே சொன்ன சரிவான தொடுதலில் அந்தக் கூர் ஓரம் மட்டும் நாக்கில் பதிந்து, உளியைப் போல் வெட்டும். லேத்தில் கொடுத்து, முனையின் கடைசி ஐந்தாறு மி.மீ. மரையைச் சீவி எடுத்து, நுனியை மென்மையான குமிழாக உருட்டித் தரச் சொல்லுங்கள். மரையைச் சீவுவது எதற்கு என்று லேத்காரர் கேட்பார்: முனை சற்று நசுங்கி விரிந்தாலும், துளை வழியாக வெளியே வர இடம் வேண்டும். இந்த ஒரு காரியம் செய்யாததால் போல்ட் உள்ளேயே சிக்கிக்கொண்டவர்கள் உண்டு.

கைப்பிடிக்கு மூன்று வழிகள். அறுகோணத் தலையை வைத்துக்கொண்டு ஸ்பேனரால் திருப்பலாம். துல்லியமாகத் திருப்ப இதுவே எனக்குப் பிடித்தது, ஆனால் இருட்டில் ஸ்பேனரைத் தேட வேண்டியிருக்கும். தலையில் குறுக்குத் துளை போட்டு ஒரு கம்பியைச் செருகி டி வடிவம் ஆக்கலாம். பிளாஸ்டிக் நட்சத்திரக் குமிழ் பொருத்துவதாக இருந்தால், உள்ளே உலோக நட்டு பதித்த குமிழாகப் பார்த்து வாங்கிப் பூட்டு நட்டும் போட வேண்டும். இல்லையென்றால் பாரத்தில் குமிழ் மட்டும் தனியாகச் சுழலும்.

கழட்டும்போது தலை டப்புன்னு விழுந்துடாதா?

பாரம் தாங்கும் போல்ட்டை அப்படியே கழற்றினால் விழத்தான் செய்யும். முதலில் தொலைநோக்கியை இறக்கி, அடுத்து எதிர் எடைகளை எடுத்து, பிறகு எடைத் தண்டையும் உள்ளே தள்ளவோ கழற்றவோ செய்யுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. எதிர் எடையை முதலில் எடுத்தால் தொலைநோக்கி தன் பக்கம் சுழன்று விழும். அச்சாணியைப் பக்கவாட்டில் இறுக்கும் பிடி போல்ட் இருந்தால் அதை இறுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். மவுண்ட் தலையை முக்காலியிலிருந்து எடுத்து மேசைமேல் துணி விரித்துப் படுக்க வைத்துவிட்டால் பயமே இல்லை. ஒரு போல்ட்டை மாற்றி முடித்த பிறகே அடுத்ததைக் கழற்ற வேண்டும்.

வளைஞ்ச போல்ட் பாதி வரைக்கும் வந்து நிக்குது, வெளியே வரமாட்டேங்குது. என்ன பண்றது?

நிறுத்துங்கள். கைப்பிடியில் குழாயைச் செருகி நெம்பினால், வளைந்த நுனி அலுமினிய மரையை வழித்துக்கொண்டு வெளியே வரும். போல்ட் கிடைக்கும், துளை போய்விடும்.

வளைவு எப்போதும் வார்ப்பின் உட்புறம் நீட்டிக்கொண்டிருந்த பகுதியில்தான் இருக்கும். எனவே போல்ட்டைத் திரும்ப உள்ளே திருகி, வளைந்த பகுதி முழுவதும் உள்ளே தெரியும்படி செய்ய வேண்டும். நாக்கு இடம் தராவிட்டால் எதிர்ப் போல்ட்டைத் தளர்த்தித் தலையை நகர்த்துங்கள்; அதுவும் போதாதென்றால் அச்சாணியைக் கழற்றித் தலையைத் தனியே எடுத்துவிடலாம். பிறகு ஹேக்சா பிளேடை மட்டும் கையில் பிடித்து, பிடிக்கும் பக்கத்தில் துணி சுற்றிக்கொண்டு, வளைவு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், அதாவது நேராக இருக்கும் பகுதியில் அறுத்து எடுங்கள். அறுத்த விளிம்பில் பிசிறு நிற்கும். அதைச் சிறிய அரத்தால் சுற்றிலும் சரிவாக ராவி, முதல் மரை துளையில் சுத்தமாக நுழையும்படி செய்த பின்னரே வெளியே திருக வேண்டும். அறுக்கும்போது விழும் தூள், தாங்கிகளுக்குள் போகாமலிருக்க ஈரத்துணியைச் சுற்றிலும் அடைத்துக்கொள்ளுங்கள். மவுண்ட் போல்ட் என்பது மென்மையான உலோகம் என்பதால் இந்த வேலை பொறுமையாகச் செய்தால் கையாலேயே முடிந்துவிடும். கிரைண்டர் கொண்டு போகாதீர்கள்.

புது போல்ட் ரெண்டு மூணு சுத்து போய் இறுகிடுது. தள்ளித் திருகலாமா?

கூடாது. மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். போல்ட் சாய்வாக நுழைந்திருக்கலாம்; வெளியே எடுத்து, கையால் இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றி, மரை "டக்" என்று தன் இடத்தில் இறங்குவதை விரலில் உணர்ந்த பிறகு வலப்பக்கம் திருப்புங்கள். துளைக்குள் பெயின்ட் படிந்திருக்கலாம். அதே அளவு டேப்பை (துளைக்குள் மரை வெட்டும் கருவியை) கையால் ஓட்டி, நான்கு சுற்றுக்கு ஒருமுறை பின்னோக்கித் திருப்பிச் சுத்தம் செய்யலாம். இரண்டும் இல்லையென்றால் பிட்ச் தவறு. அளவெடுப்பது பற்றிய பதிலுக்குத் திரும்பிச் சென்று, பத்து இடைவெளியை மறுபடி அளந்து பாருங்கள்.

துளையில மரை போயிடுச்சு. மவுண்ட்டே வீணா?

வீணில்லை. துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப்பால் புது மரை போட்டு, ஹெலிகாயில் எனப்படும் எஃகுச் சுருளைப் பதித்தால் அதே அளவுப் போல்ட்டைப் பயன்படுத்தலாம். அலுமினியத்தில் நேரடியாகப் போட்ட மரையைவிட எஃகுச் சுருள் நீண்ட நாள் உழைக்கும் என்பதால், பழுது பார்த்த துளை முன்பிருந்ததைவிட மேலானதாகவே இருக்கும். வாகன இன்ஜின் வேலை பார்க்கும் பட்டறைகளில் இதைச் செய்வார்கள். துளை சாய்ந்துவிடாமல் டிரில் மெஷினில் வார்ப்பை நேராகப் பிடித்துச் செய்யச் சொல்ல வேண்டும்.

கிரீஸ் போட்டா போல்ட் தானா தளர்ந்துடாதா?

இங்கே போல்ட்டைத் தளரவிடாமல் வைத்திருப்பது அதன் மேலுள்ள பாரம். கிரீஸ் போடாமல் விடுவதுதான் ஆபத்து. ஸ்டெயின்லெஸ் போல்ட் எஃகு நட்டிலோ ஹெலிகாயிலிலோ பாரத்தோடு சுழலும்போது உராய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் குணமுடையது; பிடித்துவிட்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடி படியும். மாலிப்டினம் கலந்த கிரீஸை மரையில் மெல்லிதாகவும், முனையில் ஒரு மிளகளவும் தடவுங்கள். வருடத்துக்கு ஒருமுறை துடைத்துப் புதிதாகத் தடவினால் போதும்.

போல்ட்டை மாத்தியும் அசைவு சீரா இல்ல. கொஞ்ச நேரம் நகராம இருந்து திடீர்னு தாவுது. ஏன்?

நாக்கைப் பாருங்கள். பழைய போல்ட்டின் முனை பல காலம் அழுத்திய இடத்தில் ஒரு குழி விழுந்திருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் பிறை போன்ற நிழல் தெரியும். புதுப் போல்ட்டின் குமிழ் முனை அந்தக் குழியின் கரையில் ஏறும் வரை நகராது, ஏறியதும் வழுக்கிவிடும். நாக்கின் மேற்பரப்பை மென்மையான அரத்தால் கரை மட்டும் போகும்படி ராவி, பிறகு நீர்த்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். குழியின் அடி வரை ராவி எடுக்க வேண்டிய அவசியமில்லை.

குழி ஆழமாக இருந்தால், நாக்கின் மேல் இரண்டு மி.மீ. கனமுள்ள எஃகுத் தகட்டை எப்பாக்ஸி பசையால் ஒட்டுவது நல்ல தீர்வு. அதன் பிறகு போல்ட்டின் முனை எஃகின் மேல் வழுக்கும். குமிழ் முனையும் கிரீஸும் சேர்ந்து அசைவு சீராகிவிடும். போல்ட் முனையில் பித்தளை மூடி வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வைக்கலாம், ஆனால் பித்தளை தேய்ந்து விரியும், அதனால் முனையை மெலிதாகச் சீவியிருந்தால் மட்டுமே அது பாதுகாப்பானது.

நுண்மரை போல்ட் போட்டா துல்லியம் கூடுமாமே?

கூடும், ஆனால் துளையில் இருக்கும் மரைக்கு ஏற்ற போல்ட்தான் அதில் நுழையும். ஹெலிகாயில் பதிக்கும் நிலை வந்தால் அப்போது நுண்மரைக்கு மாறுவதைப் பற்றி யோசிக்கலாம். கணக்கு இப்படி: பிட்ச் 1.5 மி.மீ., நாக்கின் தூரம் 60 மி.மீ. என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு அச்சு 1.4 பாகை நகரும். ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு நகர்த்த, போல்ட்டை ஏறத்தாழ 4 பாகை திருப்ப வேண்டும். பிட்ச் 1 மி.மீ. ஆனால் அது 6 பாகை ஆகும். அந்தக் கூடுதல் வசதியை, நீளமான ஸ்பேனராலும் பெற்றுவிடலாம்.

திசைப் போல்ட்களையும் சேர்த்து மாத்தணுமா?

அவை தாங்குவது பாரத்தை அல்ல, உராய்வை மட்டும்தான். முக்காலியின் தலையில் நிற்கும் குறு முளையை அவை இருபுறமும் அழுத்துகின்றன. மவுண்ட்டை முக்காலியோடு பிணைக்கும் நடு போல்ட்டை அடியில் முழுதாக இறுக்கி வைத்துவிட்டுத் திசையைத் திருப்ப முயல்வதால்தான் இவை கெடுகின்றன. சில நேரம் போல்ட்டுக்குப் பதிலாக முளையே சாய்ந்துவிடும். நடு போல்ட்டைத் தலை ஆடாத அளவுக்குத் தளர்த்திய பிறகு நகர்த்தினால், கம்பெனி போல்ட்டே பல வருடம் வரும். முளை சாய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

புது போல்ட் போட்டாச்சு. மறுபடி வளையாம எப்படிப் பயன்படுத்துறது?

உயர்த்தும்போது: வடபுறப் போல்ட்டை மூன்று நான்கு சுற்று தளர்த்துங்கள், அச்சாணியின் பிடி போல்ட்டைச் சற்றுத் தளர்த்துங்கள், ஒரு கையால் தலையின் வடமுனையைத் தூக்கிப் பாரத்தைக் குறைத்துக்கொண்டு, மறு கையால் தென்புறப் போல்ட்டைத் திருகுங்கள். தாழ்த்தும்போது தென்புறப் போல்ட்டைத் தளர்த்தினாலே போதும். வடபுறப் போல்ட்டால் நாக்கைத் தள்ளித் தாழ்த்தக் கூடாது. கடைசி அசைவு எப்போதும் உயர்த்தும் அசைவாக இருக்கட்டும். தாழ்த்தி நிறுத்தினால், முனையின் ஒட்டலால் தலை அந்தரத்தில் நின்று, அரை மணி நேரம் கழித்துத் தானாகச் சற்று இறங்கிவிடும்.

முடிவில் வடபுறப் போல்ட்டை நாக்கைத் தொடும் வரை விரலால் கொண்டுவந்து, பிறகு எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்குங்கள். இறுக்கும்போது கேமராத் திரையில் விண்மீன் நகர்ந்தால், அந்த அளவை எதிர்பார்த்து முன்கூட்டியே சற்று உயர்த்தி வையுங்கள். சென்னையில் துருவ விண்மீன் 13 பாகை உயரத்தில்தான் நிற்கும்; புகைமூட்டத்திலும் கட்டடங்களிலும் அது பெரும்பாலும் தெரியாது. அதனால் கேமராவின் உதவியோடு சரிசெய்வோருக்குத்தான் இந்தக் கடைசிச் சுற்றின் அருமை தெரியும்.

நாகர்கோவில்ல இருக்கேன். மவுண்ட் 10 டிகிரிக்குக் கீழே போகாதாம். குட்டை போல்ட் போட்டா போகுமா?

முதலில் எது தடுக்கிறது என்று பாருங்கள். வடபுறப் போல்ட்டின் கைப்பிடி தலையிலோ மோட்டார் உறையிலோ இடிக்கிறது என்றால், குட்டையான போல்ட்டோ கைப்பிடியில்லாத ஆலன் போல்ட்டோ அதைத் தீர்க்கும். வார்ப்பே வார்ப்பில் இடிக்கிறது என்றால் எந்தப் போல்ட்டாலும் பயனில்லை. வார்ப்பை ராவ வேண்டாம்.

அந்த நிலையில் முக்காலியையே வடக்கே சாய்க்கலாம். துருவ அச்சு சரியான கோணத்தில் நின்றால் போதும். முக்காலி மட்டமாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. கால்களுக்கிடையே ஒரு மீட்டர் தூரம் இருந்து, ஒரு கால் வடக்கே நின்றால், அந்தக் காலை 3 செ.மீ. குறைத்தால் 2 பாகை கிடைக்கும். ஆனால் நம் அட்சரேகையில் எதிர் எடைத் தண்டு வடக்குக் காலில் இடிக்கும் வாய்ப்பும் அதிகம். அதற்காக ஒரு காலைத் தெற்கே வைத்து வடபக்கத்தைத் திறந்து விடுவோர் உண்டு. இடிப்பது தீரும், ஆனால் பாரம் சாயும் திசையில் தாங்க ஒரு காலும் இல்லாமல் போகும். அப்படி வைப்பதானால் கால்களை அகலமாக விரித்து, தெற்குக் காலில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிடுங்கள்.

இதெல்லாம் செஞ்சா என் படத்துல நட்சத்திரம் கோடு விழறது நிக்குமா?

துருவ அச்சு விலகியதால் விழும் கோடு என்றால் நிற்கும். 5 கலை விலகியிருந்தால் விண்மீன் நிமிடத்துக்கு அதிகபட்சம் 1.3 விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை) வடக்கிலோ தெற்கிலோ நகரும். அந்த நகர்வு ஒரே திசையில், ஒரே சீராக இருக்கும். கோடு கிழக்கு மேற்காக முன்னும் பின்னும் ஆடுகிறது என்றால் அது மவுண்ட்டைச் சுழற்றும் புழுச் சக்கரத்தின் குறை. சரிசெய்யும் போல்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மவுண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது தெற்கே நடுவானில் உள்ள ஒரு விண்மீனைப் பத்து நிமிடம் கவனித்தால் அச்சு கிழக்கிலோ மேற்கிலோ விலகியிருப்பது தெரியும். கிழக்குத் தொடுவானத்துக்கு மேலே சற்று உயரத்திலுள்ள ஒன்றைக் கவனித்தால் உயரத்தின் விலகல் தெரியும். தென்புறப் போல்ட்டைத் தொட வேண்டியது இரண்டாவது சோதனையில் நகர்வு தெரிந்தால் மட்டும்தான்.